படிகாரம் காரமா? மஞ்சள் தாள் சோதனையில் எழுந்த ஐயங்கள்

கேள்வி: வாடிப்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில், வாடிப்பட்டியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். அமிலம், காரம் பாடத்தைத் தொடங்கியபோது லிட்மஸ் தாளில் சில கீற்றுகளே மிச்சமிருந்ததால், மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொண்டோம். வீட்டில் இருக்கும் பொருள்களில் ஆளுக்கொன்று சிறிதளவு கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, சலவைச் சோடா, துணி சோப்பு, அப்பளக்காரம் ஆகிய நான்கும் தாளைச் சிவப்பாக்கின. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர், உப்புநீர், சர்க்கரைநீர் ஆகியவற்றால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. அதுவரை பாடம் ஒழுங்காகவே போயிற்று.

தந்தை முடிதிருத்தகம் வைத்திருக்கும் மாணவன் ஒருவன் படிகாரக் கட்டி கொண்டுவந்திருந்தான். பெயரிலேயே காரம் இருப்பதால் தாள் நன்றாகச் சிவக்கும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் பந்தயமும் கட்டியிருந்தான். தாள் மஞ்சளாகவே இருந்துவிட்டது. உப்பைப் போல இதுவும் நடுநிலைப் பொருளாக இருக்க வேண்டும் என்று எண்ணி, கரும்பலகையில் நடுநிலை என்ற கட்டத்தில் படிகாரத்தை எழுதிவிட்டேன். அது சரிதானா என்பது என் முதல் ஐயம்.

அடுத்து ஒரு சிறுமி, மிளகாய்த்தூள் ஊறிய நீரும் தாளைச் சிவப்பாக்கவில்லையே என்று கேட்டாள். மிளகாயின் காரம் நாக்குக்குத் தெரியும் உறைப்பு, வேதியியலில் சொல்லும் காரம் வேறு என்று சொன்னேன். அவள் விடவில்லை. "காரம் அதிகமானால் தயிர் சாப்பிட்டால் அடங்குகிறது டீச்சர், தயிர் அமிலம் என்று நீங்களே சொன்னீர்கள், அப்படியானால் அது நடுநிலையாக்கல்தானே?" என்றாள். அந்தக் கேள்வியின் அழகில் நான் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டேன் என்பதுதான் உண்மை.

மூன்றாவது ஐயம் குங்குமத்தைப் பற்றியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆரத்தி நீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவருவதைச் செய்துகாட்டினேன். குங்குமமும் இதே முறையில் உருவானதுதான் என்று சொல்லி, அதன்மேலும் எலுமிச்சையைப் பிழிந்தேன். குங்குமம் சிறிதும் மாறவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருமங்கலம்

அம்மா, கரும்பலகையில் நடுநிலை என்று எழுதியதை முதலில் அழித்துவிடுங்கள். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையது. பி.எச். என்பது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். படிகாரக் கரைசலின் பி.எச். மதிப்பு செறிவுக்கு ஏற்ப 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். பொதுவாகப் புளித்த மோரைவிடவும் அது அமிலப் பக்கம் சாய்ந்தது. உங்கள் சோதனையில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் படிகாரம் அன்று, மஞ்சள்.

நிறங்காட்டி என்பது ஒரு சாயம். கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவு ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடக்கும்போது அந்தச் சாயத்தின் மூலக்கூறு ஒரு புரோட்டானை, அதாவது ஒரு ஹைட்ரஜன் அயனியை, இழக்கிறது அல்லது பெறுகிறது. அதனால் அது உட்கவரும் ஒளி மாறுகிறது. நம் கண்ணுக்கு நிறம் மாறித் தெரிகிறது. அந்த எல்லை ஒவ்வொரு சாயத்துக்கும் வேறு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் பி.எச். ஏறத்தாழ 7.4 வரை மஞ்சளாகவே இருந்து, 8.6-ஐ நெருங்கும்போது செம்பழுப்பாகிவிடும். ஆகவே 2 என்ற மதிப்புடைய எலுமிச்சைச் சாறும், 7 என்ற மதிப்புடைய தூயநீரும் அதன் பார்வையில் ஒன்றே. மஞ்சள் தாள் உங்களிடம் சொன்னது "இது காரம் இல்லை" என்பதை மட்டும்தான். "இது நடுநிலை" என்று அது சொல்லவில்லை; நாம்தான் அப்படிக் கேட்டுக்கொண்டோம். நானும் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் இதே தவற்றைச் செய்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

லிட்மஸ் ஏறத்தாழ 5-க்கும் 8-க்கும் இடையில் மாறுவதால், நடுநிலைக்கு இருபுறமும் அது பயன்படுகிறது; பள்ளிகளில் அது நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியோ 3.1-இல் சிவப்பாகவும் 4.4-இல் மஞ்சளாகவும் இருக்கும். அதாவது ஓரளவு புளித்த பொருளைக்கூட அது மஞ்சளாகவே காட்டிவிடும். பினாப்தலீன் என்ற மற்றொரு நிறங்காட்டி 8.2 வரை நிறமற்றிருந்து, 10-ஐ நெருங்கும்போது நன்றாகச் சிவக்கும். பி.எச். அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு என்பதையும் எட்டாம் வகுப்புக்குச் சொல்லலாம். இந்த அளவுகோலை 1909-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் வகுத்தார். பீர் காய்ச்சும் தொழிலோடு இணைந்த ஆய்வகம் அது என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். தலைமையாசிரியர் அருகில் இல்லாதபோது சொல்லிக்கொள்ளுங்கள்.

புதிய தாள் வாங்காமலே அமிலத்தையும் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. உங்கள் மஞ்சள் தாளில் பாதியை எடுத்து, தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்துச் சிவப்பாக்கி உலர்த்துங்கள். சிவந்த அந்தத் தாளே இனி அமிலம் காட்டும் தாள். எலுமிச்சை, புளி, மோர், படிகாரக் கரைசல் ஆகியவற்றில் எதன் சொட்டு விழுந்தாலும் அந்த இடம் மஞ்சளாகும். உப்புநீரும் சர்க்கரைநீரும் அவ்வாறு மாற்ற மாட்டா. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீரில் ஒரு சொட்டையும் ஓரத்தில் விட்டுவைக்க வேண்டும். மஞ்சள் தாளையும் சிவந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தினால், நீல லிட்மஸும் சிவப்பு லிட்மஸும் செய்யும் வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாற்றையும் முயன்று பாருங்கள். அமிலத்தில் அது செந்நிறமாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். வேதியியலாளர் ராபர்ட் பாயில் 1664-இல் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் வயலட் பூவின் பாகைக் கொண்டு விவரித்த மாற்றமும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இனிப் பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். தமிழில் காரம் என்ற சொல் வேதியியல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே புழக்கத்தில் இருந்தது. நாக்கைச் சுரீரென்று தாக்குவது, புண்ணில் பட்டால் எரிவது, அழுக்கை அரித்து எடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். வெண்காரம் (போராக்ஸ்), படிகாரம் என்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. பாடநூல் எழுதியவர்கள் அந்தப் பழைய சொல்லை எடுத்து, ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் பொருள் என்ற புதிய, குறுகிய பொருளில் பயன்படுத்திக்கொண்டார்கள். வெண்காரக் கரைசலின் பி.எச். 9-க்குச் சற்று மேலே இருப்பதால் அதன் பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டது. படிகாரத்தின் பெயர் பொருந்தவில்லை. பந்தயம் கட்டிய மாணவனின் தருக்கத்தில் குறையில்லை, சொல்லுக்குத்தான் இரண்டு காலங்கள்.

படிகாரம் ஓர் உப்புதானே, உப்பு எப்படி அமிலமாகும் என்று அடுத்த கேள்வி வரும். அது பொட்டாசியம், அலுமினியம் இரண்டும் சேர்ந்த சல்பேட் உப்பு. நீரில் கரையும்போது அலுமினிய அயனி தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த இறுக்கத்தில் நீர் மூலக்கூறு ஒன்று புரோட்டானைக் கைவிடுகிறது. அதுவே அமிலத்தன்மையாக வெளிப்படுகிறது. இதற்கு நேர் எதிராக, சலவைச் சோடாவும் ஓர் உப்பே. அதன் கரைசல் காரத்தன்மை உடையது. உப்பென்றால் நடுநிலை என்று சிறு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது சமையல் உப்புக்குப் பொருந்தும், எல்லா உப்புக்கும் பொருந்தாது.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் காரம் அன்று. அதன் மூலக்கூறில் உள்ள ஒரு வளையமும் அதனோடு ஒட்டியிருக்கும் தொகுதிகளும் குர்க்குமினில் இருப்பவையே. அந்த வளையத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியால் கேப்சைசின் மிக மிக வலுக்குறைந்த அமிலத்தைப் போலவே நடந்துகொள்ளும். ஆக, மிளகாயின் "காரம்" வேதியியல் கணக்கில் அமிலத்தின் பக்கமே நிற்கிறது. அது நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால்தான் எரிச்சல் தோன்றுகிறது. அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரில் உள்ள கொழுப்பும் கேசின் என்ற புரதமும் அதைப் பற்றி இழுத்துச் சென்றுவிடுவதால் எரிச்சல் அடங்குகிறது. புளிப்பே இல்லாத பாலும் அதே வேலையைச் செய்யும் என்பதே, இது நடுநிலையாக்கல் இல்லை என்பதற்குப் போதுமான சான்று. ஆனாலும் அந்தச் சிறுமியைப் பாராட்டுங்கள். தெரிந்த இரண்டு செய்திகளை இணைத்து மூன்றாவது ஒன்றை அவளாகவே ஊகித்திருக்கிறாள்.

குங்குமத்தைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. செய்முறை அறிந்தவர் யாரேனும் இங்கே இருந்தால் அவர் முதலில் சொல்லட்டும்.


மறுமொழி 2: குங்குமம் இடித்த வீட்டுப் பெண், மதுரை

ஆசிரியர் ஐயா கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் பாட்டி வீட்டில் குங்குமம் தயாரிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குண்டு மஞ்சளைச் சிறு துண்டுகளாக உடைத்து, வெண்காரத்தையும் படிகாரத்தையும் பொடித்துக் கலந்து, எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பிசறி, அவ்வப்போது கிளறிவிட்டு, சாறு முழுவதும் உள்ளே இறங்கியபின் நிழலில் காயவைப்பார்கள். நாள் ஆக ஆக நிறம் ஏறும். நன்றாகக் காய்ந்தபின் உரலில் இடித்துச் சலிப்பார்கள். சுண்ணாம்பை அதில் சேர்த்ததே இல்லை. சுண்ணாம்பு சேர்த்தது நெற்றியில் நிற்காது, எரியும் என்று பாட்டி சொல்வார். எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறிச் சிவந்த பொருள்மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் அது எப்படி மஞ்சளாகும் என்பது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் ஏன் சிவந்தது என்பதை ஐயாதான் சொல்ல வேண்டும்.


மறுமொழி 3: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருமங்கலம்

மிக்க நன்றி அம்மா. என் ஊகம் இதுவே. வெண்காரத்தில் போரான் என்ற தனிமம் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தில் வெண்காரம் போரிக் அமிலமாக மாறுகிறது. சாறு வற்றிக் காயும்போது போரான் அணு குர்க்குமின் மூலக்கூறுகளோடு பிணைந்து, முற்றிலும் வேறான ஒரு சிவப்புச் சேர்மத்தை உண்டாக்குகிறது. ஆரத்தியின் சிவப்பு, புரோட்டானை இழந்த குர்க்குமினின் நிறம். புரோட்டானைத் திருப்பிக் கொடுத்தால் மஞ்சள் வந்துவிடும். குங்குமத்தின் சிவப்பு, போரானோடு பிணைந்த குர்க்குமினின் நிறம். அது அமிலத்திலேயே பிறந்தது, அமிலத்தில் அழியாது. கண்ணுக்கு இரண்டும் சிவப்பு. வேதியியல் முறையில் இரண்டும் வேறு வேறு.

இது புதிய செய்தியும் அன்று. ஒரு பொருளில் போரான் இருக்கிறதா என்று கண்டறிவதற்கு, மஞ்சள் தாளை அதன் அமிலக் கரைசலில் நனைத்து உலர்த்திப் பார்ப்பது ஆய்வகங்களில் பழைய முறை. உலர்ந்ததும் தாள் செம்பழுப்பாகும். அந்தத் தாளில் காரக் கரைசலை விட்டால் அது கருநீலமாக அல்லது கரும்பச்சையாக மாறும்; சாதாரண மஞ்சள் தாள் அவ்வாறு ஒருபோதும் மாறாது. ஆகவே ஆசிரியை அவர்கள் குங்குமத்தை எலுமிச்சையால் சோதிப்பதைவிடச் சலவைச் சோடாக் கரைசலால் சோதிப்பது பயனுள்ளதாக இருக்கும். கருத்தால் அது போரான் வழியாகச் சிவந்த மரபுக் குங்குமம். எதற்குமே அசையாவிட்டால், அதில் செயற்கைச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி.


மறுமொழி 4: பருத்திச் சேலைச் சாயப்பட்டறைக்காரர், மதுரை

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் குறுக்கிட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். செம்பருத்திச் சாற்றைக் கொண்டு படிகாரத்தைச் சோதிக்க வேண்டாம். படிகாரம் எங்கள் தொழிலில் நிறமூன்றி, அதாவது சாயத்தை நூலோடு பற்றவைக்கும் பொருள். பூக்களின் சிவப்பு, நீலச் சாயங்கள் படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு சேர்ந்தால் நிறமே ஊதாவின் பக்கம் நகர்ந்துவிடும். எலுமிச்சை விட்ட கிண்ணம் செக்கச்செவேலென்று இருக்கையில் படிகாரம் விட்ட கிண்ணம் ஊதாவாக நின்றால், பிள்ளைகள் மறுபடியும் அதைக் காரம் என்றே எழுதுவார்கள். நீல லிட்மஸில் ஒரு கீற்றை இதற்கென்று செலவழிக்கலாம். அல்லது படிகாரத்தைப் பொடித்து நீரில் கரைத்து, அதில் ஆப்ப சோடாவைத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும். அமிலம் இல்லாமல் ஆப்ப சோடா அப்படிப் பொங்காது.

தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுதி. அந்த நீரில் செம்பருத்தியை ஊறவைத்தால் எதையும் சேர்க்கும் முன்பே சாறு மங்கிய ஊதாவாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் நல்லது. மஞ்சளைத் தண்ணீரில் குழைப்பதைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டித் தாளை நனைத்தால் நிறம் சீராகப் பிடிக்கும். குர்க்குமின் தண்ணீரில் பெரும்பாலும் கரைவதில்லை.

நிறங்காட்டி ஏமாற்றும் என்பதற்கு எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீரில் கரையாத வேட் சாயத்தை ஏற்றும்போது காஸ்டிக் சோடா என்ற மிக வலுவான காரத்தையும், சாயத்தைக் கரையவைக்க ஹைட்ரோஸையும் பயன்படுத்துகிறோம். சாயமேறிய துணியை அலசியபின், காஸ்டிக் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பினாப்தலீனில் ஒரு சொட்டு விடுவோம். சிவந்தால் அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் மறுபடியும் அலசுவோம். புதிதாக வந்த பையன் ஒருவன், அலசிய நீருக்குப் பதிலாகக் காஸ்டிக் கரைத்துவைத்திருந்த கெட்டியான கரைசலிலேயே பினாப்தலீனை விட்டுப் பார்த்திருக்கிறான். முதலில் சிவந்தது; சற்று நேரத்தில் நிறமே இல்லாமல் போய்விட்டது. காஸ்டிக் இல்லை என்று முடிவுகட்டிக் கையை விடப் போனான், நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்தவர் தடுத்துவிட்டார். மிகச் செறிவான காரத்தில் பினாப்தலீன் மறுபடியும் நிறமிழக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. பள்ளியில் காஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு நீரும் கண்ணில் தெறித்தால் ஆபத்துதான்.


மறுமொழி 5: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருமங்கலம்

சாயப்பட்டறைக்காரர் சொல்வது முழுவதும் சரி. செம்பருத்தியைச் சொல்லும்போது அலுமினியத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆப்ப சோடாச் சோதனை இன்னும் எளிது. பழைய நுரைத் தீயணைப்பானிலும் அலுமினிய சல்பேட்டையும் பைகார்பனேட்டையும் கலக்கவைத்தே நுரையை உண்டாக்கினார்கள்.

ஆப்ப சோடாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அதன் கரைசலின் பி.எச். 8.3 அளவில் இருப்பதால், மஞ்சள் தாளில் அரைகுறையான செம்மஞ்சள் நிறமே வரும். பினாப்தலீனும் சிவந்தும் சிவக்காமலும் நிற்கும். அந்தக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவைத்தபின் சோதித்தால் நிறம் நன்றாக ஏறியிருக்கும். கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பைகார்பனேட்டில் ஒரு பகுதி சலவைச் சோடாவாக மாறிவிடுவதே காரணம்.


மறுமொழி 6: வாடிப்பட்டி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் செய்து பார்த்தோம். கரும்பலகையில் எழுதியதை எல்லோர் முன்னிலையிலும் அழித்துவிட்டேன்.

சிவந்த மஞ்சள் தாளில் எலுமிச்சை, புளி, மோர், படிகாரம் ஆகிய நான்கும் மஞ்சள் புள்ளிகளை உண்டாக்கின. உப்பு, சர்க்கரை, வெறும் தண்ணீர் ஆகியவற்றின் சொட்டுகள் விழுந்த இடங்கள் சிவப்பாகவே இருந்தன. படிகாரக் கரைசலில் ஆப்ப சோடாவைத் தூவியதும் நுரை கிண்ணத்தின் விளிம்புவரை ஏறியது. பந்தயம் கட்டிய மாணவன் அதை மூன்று முறை செய்யச் சொல்லிக் கேட்டான். செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. சாயப்பட்டறைக்காரர் எச்சரித்தபடியே படிகாரம் விட்ட கிண்ணம் ஊதாவாயிற்று. அதை மறைக்காமல் காட்டி, ஒரே பொருளைப் பற்றி இரண்டு நிறங்காட்டிகள் ஏன் மாறுபட்டுச் சொல்கின்றன என்று பிள்ளைகளையே பேசவிட்டேன். பாதிப் பாடவேளை அதிலேயே கழிந்தது.

மிளகாய் ஊறிய நீர் நீல லிட்மஸை மிக மெல்ல ஊதாவாக்கியது. நாக்கு எரியும்போது தண்ணீர், பால், எலுமிச்சை நீர் ஆகிய மூன்றில் எது உதவுகிறது என்பதை வீட்டில் கவனித்துவரச் சொல்லியிருக்கிறேன்.

குங்குமம் மூன்று வகை கிடைத்தது. ஒரு மாணவியின் பாட்டி வீட்டிலேயே செய்தது, கடையில் வாங்கிய பொட்டலம் ஒன்று, நாங்கள் வகுப்பில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காயவைத்தது. சலவைச் சோடாக் கரைசல் பட்டதும் பாட்டியின் குங்குமம் கறுத்துவிட்டது. பொட்டலக் குங்குமம் எலுமிச்சைக்கும் மாறவில்லை, சோடாவுக்கும் மாறவில்லை. நாங்கள் செய்ததோ எலுமிச்சை பட்டவுடன் மஞ்சளாயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. நேற்றுச் சிவப்பாக்கி வைத்த தாள்கள் இன்று காலையில் மங்கிப் பழுப்பாகிவிட்டன. சன்னலோரம் வைத்திருந்த சாதாரண மஞ்சள் தாள்களும் வெளுத்திருந்தன. ஆரத்தித் தட்டில் மிஞ்சிய நீரும் இப்படித்தான் நிறம் கெட்டுப்போகும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் செய்முறையில் ஏதேனும் பிழை செய்துவிட்டேனா?


மறுமொழி 7: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருமங்கலம்

பிழை ஒன்றும் இல்லை அம்மா. இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. குர்க்குமின் காரத்தில் நெடுநேரம் நிலைக்காது. மூலக்கூறு உடைந்து சிறு சிறு பொருள்களாகிவிடும், அவற்றில் வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினும் ஒன்று. உடைந்தபின் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய மஞ்சள் முழுமையாகத் திரும்பாது. வெயில் இன்னொரு காரணம். சேலையில் சாம்பார் கறை பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடச் சொல்வார்களே, அதே செய்கைதான் உங்கள் சன்னலோரத்திலும் நடந்திருக்கிறது.

மஞ்சள் தாள்களைக் கறுப்புத் தாளில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள், நெடுநாள் வரும். சிவப்புத் தாள்களைச் சேமிக்க முயல வேண்டாம். தேவைப்படும் அன்று காலையில், தேவைப்படும் அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நனைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே இடுக்கியால் செய்துவிடுவது நல்லது.